அட்டை இல்லாத கதவு

காலை பத்து பத்துக்குப் போன் வந்தது. அக்கா வேலை பார்த்த குடியிருப்பின் ஐந்தாம் மாடித் தையல்காரர் பேசினார். எண்பத்தொரு வயது, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"உங்கக்கா இன்னிக்கு யார் கதவையும் தட்டலம்மா. மனசு கேக்கல, கீழ எறங்கி வந்தேன். அவ ரூம் கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. நாற்காலியில உக்காந்த மாதிரியே இருக்கா. கையெல்லாம் சில்லுனு இருக்கும்மா."

அக்காவுக்கு அறுபத்தொன்பது. ஆறு மாடி, நாற்பத்திரண்டு வீடு. இருபத்தாறு வருடமாகக் காவலும் துப்புரவும் அவள்தான். சேர்ந்த புதிதில், படிக்கட்டில் பந்து விளையாடும் பிள்ளைகளை விரட்டுவதே பாதி வேலை. பிள்ளைகள் படித்தார்கள், வேலை கிடைத்த ஊர்களுக்குப் போனார்கள். ஒன்றே போதும் என்று நிறுத்தியவர்கள் சிலர். அதுவும் வேண்டாம் என்றவர்கள் பலர். பெற்றவர்கள் மட்டும் மாடிகளில் மிஞ்சினார்கள். கீழே ஊஞ்சலைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைத்த பெஞ்சு போட்டார்கள். நான் குமாஸ்தாவாக இருந்த பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகள் இல்லாமல்தான் மூடினார்கள். அறுபத்திரண்டு வயதில் நான் அங்கே போனால், "சின்னப் பொண்ணு வந்திருக்கா, பல்பு மாட்டச் சொல்லு" என்பார்கள். தொண்ணூறைத் தாண்டியவரும் என் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தது நான்கு நாள் கழித்தே தெரிந்தது. அதன் பிறகு அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். தனியாக இருப்பவர்கள், தம்பதிகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை அட்டை. படுக்கப்போகும்போது கதவின் வெளிப்பிடியில் மாட்ட வேண்டும், காலையில் எழுந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு அவள் பெருக்கிக்கொண்டே மாடி ஏறுவாள். அட்டை தொங்கும் கதவைத் தட்டுவாள். தொங்காத கதவைத் தாண்டிப் போவாள். மூன்று வருடம் அது பிசகவில்லை.

போன வருடம் ஒரு மதியம் நான் அங்கே இருந்தேன். தையல்காரருக்கு எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பார்வை மங்கல். அவருக்கு மாத்திரை கொடுக்க இருவரும் போனோம். மேஜைமேல் இரண்டு பச்சை அட்டைகள் கிடந்தன.

"என்ன டீச்சர், ரெண்டு அட்டை?"

"எனக்கு நீ ஒண்ணுதானே குடுத்தே?"

"அதைத்தான் கேக்கறேன்."

டீச்சர் யோசித்தார். "எழுந்ததும் எடுத்துட்டேன். அப்புறம் குப்பை போட்டுட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா கதவுல தொங்குது. அட, மறந்துட்டோமேன்னு மறுபடி எடுத்தேன்."

அவர் திரும்பி வந்து நின்றது எதிரே தையல்காரர் கதவில். அக்கா ஓடிப்போய் அதைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அறைந்தாள். உள்ளே பதில் இல்லை. நான் போன் போட்டேன். உள்ளே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாற்றுச் சாவி அவர் மகளிடம், ஆறு மணி நேரத் தொலைவில். தீயணைப்பு நிலையத்தில், ஒரு வண்டிக்குத்தான் ஆள் இருக்கிறது, அதுவும் வெளியே போயிருக்கிறது என்றார்கள்.

"ஒடைச்சிரலாமே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"யாரு ஒடைக்கறது? இங்க இருக்கற தோளெல்லாம் ஏற்கெனவே ஒடைஞ்சதுதான்" என்றார் அவர் மனைவி.

பூட்டுக்காரர் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான், வயது எழுபத்தாறு. கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். கை நடுங்கியது. கம்பி நழுவியது. மறுபடி விட்டார், மறுபடி நழுவியது.

"சீக்கிரம் தம்பி!" என்றார் டீச்சர்.

"என்னைத் தம்பின்னு கூப்பிட இன்னும் ஆள் இருக்கா?" என்றவர், கம்பியை அக்காவிடம் நீட்டினார். "என் கை நிக்காது. நீ பிடி. நான் சொல்றேன். மெதுவா உள்ள விடு... தட்டுப்படுதா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம். மூச்சை விடு, பொம்பள. இப்ப?"

"ஏதோ இடிக்குது."

"அதான். மேல தூக்கு. விட்டுராதே. இப்ப வலது பக்கம்."

மூன்று முறை தவறியது. அக்காவின் நெற்றி வியர்வை கதவில் சொட்டியது. நான்காம் முறை பூட்டு திறந்துகொண்டது.

தையல்காரர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. விடியற்காலையில் விழுந்தவர். அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள்.

"தட்டுனது கேட்டுச்சு" என்றார். "கத்துனேன். எனக்கே கேக்கல."

"பேசாதீங்க. ஆம்புலன்ஸ் வருது."

"காலையில நீ பெருக்கற சத்தமும் கேட்டுச்சுக்கா. வாசல்கிட்ட வந்துச்சு. இதோ தட்டுவா, இதோ தட்டுவான்னு பாத்தேன். சத்தம் அப்படியே மேல போயிருச்சு."

குறையாகச் சொல்லவில்லை அவர். பிழைத்தார், இரண்டு மாதத்தில் நடைவண்டியோடு திரும்பியும் வந்தார். ஆனால் அக்கா அதன் பிறகு எந்த அட்டையையும் நம்பவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாற்பத்திரண்டு கதவையும் தட்டி, உள்ளிருந்து ஒரு குரல் வந்த பிறகே அடுத்த கதவுக்குப் போனாள். லிஃப்டில் ஏறினால் மாடிக்கு மாடி காத்திருக்க வேண்டும் என்று படியில்தான் ஏறினாள். மூட்டு வீங்கியது. "விடேன்டி, நீயும் கெழவிதான்" என்றேன். "நான் தாண்டிப் போன கதவு உனக்குத் தெரியாது" என்றாள். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

ஒரே மாதிரி இருந்ததால்தானே டீச்சர் ஏமாந்தார் என்று, அட்டைகளையும் மாற்றத் தொடங்கியிருந்தாள். தையல்காரர் கம்பளித் துணியில் வீட்டு எண்களைப் பெரிதாக வெட்டிக் கொடுப்பார். விரலால் தடவினாலே இது என் வீட்டு எண்ணா இல்லையா என்று தெரியும்படி, இவள் அவற்றை அட்டையில் தைப்பாள். மாடிவாரியாக ஐந்து மாடிக்கும் முடித்துக் கொடுத்துவிட்டாள். இன்று நான் போய்ப் பார்த்தபோது, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஆறாம் மாடியின் ஏழு அட்டைகளில் இன்னும் எண் தைத்திருக்கவில்லை.