அப்பா ஓடிய குதிரை

என் அம்மா ஒரு குதிரையை நம்பித்தான் கழுத்தை நீட்டினா. நான் கேலிக்குச் சொல்லவில்லை. அம்மாவே எங்களுக்குப் பலமுறை சொன்ன கதை இது. அவவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சம்பந்தம் வந்ததாம். ஒருவர் கொழும்பில் மாமாவோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்த கிளாக்கர். மாமாவே முன்னுக்கு நின்று பேசிக்கொண்டு வந்த இடம் அது. மற்றவர் அப்பா. அப்பாவுக்குச் சங்கக்கடையில் வேலை, ஒரு சைக்கிள், அதைவிடச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அவருக்காக வந்த தரகர் திரும்பிப் போகும்போது படலையடியில் நின்று, "பொடியன் நெடுந்தீவிலை காட்டுக்குதிரை பிடிச்சு ஏறி ஓடினவன்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். குசினிக்குள் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த நிமிஷத்தோடு கிளாக்கர் மறந்துபோனார்.

மாமா மறக்கவில்லை. அம்மாவின் அண்ணன், எதற்கும் அத்தாட்சி கேட்கிற மனிதர். லீவில் எங்கள் ஊர் மடத்துவெளிக்கு வரும்போதெல்லாம் முற்றத்துக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "குதிரை ஓடின துரை எங்கை?" என்றுதான் அப்பாவைக் கேட்பார். அப்பாவும் சும்மா இருக்கமாட்டார். கதையைத் தொடங்கிவிடுவார். நெடுந்தீவுக் கோயில் திருவிழாவுக்குப் போனது, விடியக்காலை வெளியில் குதிரை நின்றது, பிடரிமயிரைப் பிடித்து ஏறியது, அது காற்றாய்ப் பறந்தது. நான் சின்னவளாக இருந்தபோது அந்தக் குதிரை மண்ணிறம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் கறுப்பாகிவிட்டது. தம்பி பேச்சு விளங்கிக் கேட்கிற வயதுக்கு வந்தபோது அதன் நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டியும் விழுந்திருந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்பவபோலக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பா.

அந்த வருஷம் ஆவணி லீவுக்கு வந்த மாமா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், நாளைக்கு எல்லாரும் நெடுந்தீவுக்குப் போவம். பிள்ளையளும் குதிரை பார்க்கட்டும். நீரும் ஒருக்கா ஓடிக் காட்டும்."

நானும் தம்பியும் முற்றத்தில் குதித்த குதியில் கோழிகள் மாமரத்தில் ஏறிவிட்டன. அப்பாவின் முகம் மட்டும் ஒரு மாதிரிப் போனது. "சோளகக் காத்து, கடல் கடுமை" என்றார். "தம்பிக்கும் தடிமன், மூக்கு ஒழுகுது" என்றார். சங்கக்கடையில் கணக்குப் பார்க்க ஆள் வருகிறது என்றும் சொல்லிப் பார்த்தார்.

"தம்பிக்குத் தடிமன் மாறீட்டுது" என்றா அம்மா. அவ அதற்குள் குசினிக்குள் போய் அரிசி களையத் தொடங்கிவிட்டா. நெடுந்தீவு எங்களுக்கு அடுத்த தீவு. இருந்தும் அம்மா அந்த நாள் வரைக்கும் அங்கே கால் வைத்ததில்லை. குதிரை மட்டும் அவ மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது.

விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமான சாப்பாடு. கட்டுச்சோறு, பொரித்த மீன், அவித்த முட்டை, ஒரு பெட்டி பயத்தம் பணியாரம். நெடுந்தீவுத் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று ஒரு குடத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்பது வேறு கதை. மாமா தன் பங்குக்குக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கரட் கிழங்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குதிரைப் பந்தயம் பார்த்த மனிதர் அவர்; குதிரைக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியுமாம். அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். குதிரை ஓடப் போகிறவர் அப்படியா உடுத்துவார் என்று மாமா கேட்டதற்கு அவர் வேட்டிக் கரையை நீவிவிட்டுக்கொண்டார்.

குறிகட்டுவான் துறைக்குப் போய் லோஞ்ச் ஏறினோம். துறையை விட்டுச் சற்றுத் தள்ளியதும் சோளகம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. லோஞ்ச் ஏறும், ஒரு கணம் நிற்கும், பிறகு தொபுக்கென்று விழும். ஒவ்வொரு விழுகைக்கும் கடல் எங்கள் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றியது. மாமா முதல் விழுகையில் கண்ணாடியைக் கழற்றினார், இரண்டாவதில் கடவுளைக் கூப்பிட்டார், அதற்குப் பிறகு தலையை, வாந்திக்கென்று ஆரோ நீட்டிய ஒரு தகரப்பேணிக்குள் விட்டுவிட்டார். நானும் தம்பியும் தண்ணீர் வரும் பக்கமாகவே முகத்தைக் கொடுத்துக்கொண்டு கத்தினோம். அம்மா சிரிக்கத் தொடங்கினா. சேலை நனைந்து உடம்போடு ஒட்ட, கொண்டை அவிழ, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனுஷியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அம்மாவுக்குள் அத்தனை சிரிப்பு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா மட்டும் நெடுந்தீவு வருகிறதே என்று கவலைப்பட்ட ஒரே பயணியாக இருந்தார்.

அவருடைய கவலை எனக்கு விளங்காமல் இல்லை. குதிரை வந்து, அப்பா ஏறத் தெரியாமல் நின்றால், மாமா இத்தனை காலமும் சொன்னதுதான் சரி. அம்மா ஏமாந்துதான் கலியாணம் கட்டினவ என்று ஆகிவிடும். அம்மாவின் முகத்தைப் பார்த்து அதற்குப் பிறகு அவர் எப்படிக் கதை சொல்வார்?

துறைமுகத்தில் ஒரு உழவு மெசின்காரர் அகப்பட்டார். பின்பெட்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் விட்டார். இரண்டு பக்கமும் கடற்கல் அடுக்கிய வேலிகள். சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை, கல்லின் மேல் கல், அவ்வளவுதான். வேலிகள் முடிந்ததும் வெளி தொடங்கியது. மரமில்லாத, காய்ந்த, கண் எட்டும் வரைக்கும் போகிற வெளி. பெட்டி துள்ளிய துள்ளலில் தம்பிக்கு நாக்குக் கடிபட்டது. அவன் அதற்கும் சிரித்தான்.

"அந்தா குதிரை" என்று மாமா எழுந்து நின்றார். கிட்டப் போனால் மாடு. "இந்தா" என்று நான் காட்டினேன். அதுவும் மாடு. அப்பா தேடின மாதிரி ஒருவரும் தேடவில்லை. ஆனால் குதிரை நிற்க வழியில்லாத பக்கமாகப் பார்த்தே அவர் தேடினார்.

"விடியவெண்டால் நிண்டிருக்கும் அண்ணை" என்றார் மெசின்காரர். "இப்ப வெய்யில் ஏறீட்டுது. எங்கை போய் நிக்குதுகளோ தெரியாது."

"சரி, என்ன செய்யிறது. வந்தது வந்தம், கடலைப் பாத்திட்டுப் போவம்" என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. சிரிப்பு எல்லாம் லோஞ்சிலேயே தங்கிவிட்டதுபோல, அம்மா வெளியையே பார்த்துக்கொண்டிருந்தா.

மாமா விடுகிற ஆளில்லை. கரட்டுகளை நிலத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு போய், பந்தயக் குதிரைக்காரர்கள் செய்வதுபோல நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினார். எங்கிருந்தோ ஆடுகள் வந்தன. நெடுந்தீவு ஆடுகள் கொழும்புக் கரட்டை முதல்முறையாகச் சாப்பிட்டு, திருப்தியாக மாமாவையும் முகர்ந்து பார்த்தன. ஒன்று அவருடைய காற்சட்டைப் பொக்கற்றைக் கடித்து இழுத்தது. அப்பா அன்றைக்கு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியின் ஓரத்தில், கல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றடியில் பனை நிழல் கண்டு சாப்பிட உட்கார்ந்தோம். உட்காரும்போதே பெட்டித் துள்ளலில் குடம் சரிந்து எங்கள் பெருமைக்குரிய மடத்துவெளித் தண்ணீர் முழுவதும் கொட்டிப் போயிருந்தது தெரியவந்தது. அந்தக் கிணற்றிலேயே அள்ளிக் குடித்தோம். எங்கள் தண்ணீரைவிட நல்லாயிருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிய அம்மா ஏனங்களைக் கழுவினா. பிறகு திரும்பவும் வாளியைக் கிணற்றுக்குள் விட்டா. கிணற்றுக்குப் பக்கத்தில் கல்லில் கட்டிய ஒரு மாட்டுத் தொட்டி, அடியில் பாசி காய்ந்து, வெறுமையாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் தனக்குத் தண்ணீர் அள்ளினவர் தொட்டிக்கும் அள்ளிவிட்டுத்தான் கிணற்றடியை விட்டுப் போகவேண்டும். அது அம்மாவுக்கு மூச்சு விடுவதுபோல ஒரு பழக்கம்.

"லோஞ்சுக்கு நேரமாகுது. ஊரான் வீட்டுத் தொட்டியை நிரப்பவோ நெடுந்தீவுக்கு வந்தனீர்?" என்றார் அப்பா.

"அள்ளினனாங்கள், குடிச்சனாங்கள். தொட்டியைக் காய விட்டிட்டுப் போறதோ?" என்று அம்மா வாளி வாளியாக ஊற்றினா. தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம் அந்தக் காய்ந்த வெளி முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

கல்வேலி இடிந்திருந்த ஒரு இடைவெளியால் முதலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு குட்டி. நாங்கள் தேடித் திரிந்த குதிரைகள் தாங்களாகவே நடந்து வந்து, எங்களை ஒரு பொருட்டாகவும் மதிக்காமல், தொட்டிக்குள் வாயை வைத்தன. மட்டக்குதிரைகள். விலா எலும்பு எண்ணலாம், புழுதி நிறம். தம்பி பணியாரத்தை வாயில் வைத்தபடியே மறந்துபோனான். அம்மா வெறும் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா.

மாமா தொண்டையைச் செருமினார். "மச்சான், நீர் ஓடின குதிரையின்ரை பேரப்பிள்ளையள் வந்திருக்கினம். போய்ச் சுகம் விசாரியும்."

அப்பா எழும்பினார். எழும்பியவர் அங்கேயே நின்றார். அவருடைய கண் குதிரையை விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கம் போனது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாளியை வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்தா.

"இந்த வெய்யிலுக்கை இவர் ஒண்டிலையும் ஏறத் தேவையில்லை அண்ணை. நான் நம்புறன். எனக்கு அது காணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். மாமாவின் நக்கலை எத்தனையோ வருஷம் தாங்கியவருக்கு அந்த "நம்புறன்" தாங்க ஏலாமல் போயிற்று. கைமணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டி விளிம்பில் ஒரு காலை வைத்து, முருகா என்று ஒரு சத்தம் போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு குதிரையின் மேல் விழுந்தார். ஏறினார் என்று சொல்ல மனம் வரவில்லை, விழுந்தார்.

குதிரைக்குத் திகைப்பு. ஒரு கணம் அது அப்படியே நின்றது. அந்த ஒரு கணத்தில் அப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு அது பறந்தது. அப்பா பிடரிமயிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல் போனார். வேட்டி கழன்று கல்வேலியில் தொங்கியது. உள்ளே போட்டிருந்த களிசானோடு அப்பா மேலும் கொஞ்சத் தூரம் போய், ஒரு மேட்டில் குதிரை திரும்ப, அவர் மட்டும் நேரே போனார்.

நாங்கள் ஓடினோம். அப்பா மணலில் இருந்தார். முழங்கை உரஞ்சியிருந்தது, தலைமயிரெல்லாம் நாயுருவி. "பாத்தனீரோ?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, அம்மா அவரோடு மணலிலேயே உட்கார்ந்துவிட்டா. மெசின்காரர் கைதட்டினார். மாமா போய் வேட்டியை எடுத்து, உதறி, இரண்டாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஓடினீர்தான் மச்சான்" என்றார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

திரும்பும்போது காற்றுப் பின்னால் இருந்ததால் லோஞ்ச் அமைதியாக வந்தது. மாமா முன்பக்கம் போய்ப் படுத்துவிட்டார். நான் அம்மாவின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். நித்திரை என்று நினைத்து அப்பா மெல்லக் கதைத்தார்.

"இஞ்சரும். இண்டைக்குத்தான் முதல்தரம் ஏறினனான்."

அம்மா என் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தா.

"அண்டைக்குத் திருவிழாவிலை அதின்ரை வாலைத் தொட்டனான். அவ்வளவுதான். தரகர்தான் என்னைத் தூக்கி ஏத்திவிட்டவர்."

"அது எனக்குத் தெரியும்" என்றா அம்மா. "மண்ணிறக் குதிரை கறுப்பாய் மாறேக்கையே தெரியும்."

"பேந்து ஏன் ஒவ்வொருதரமும் சொல்லுங்கோ சொல்லுங்கோ எண்டு கேட்டனீர்?"

அம்மாவின் வயிறு சிரிப்பில் குலுங்கி என் தலை ஆடியது. "அந்தக் கதையைச் சொல்லேக்கை உங்கடை முகம் நல்ல வடிவாயிருக்கும்" என்றா. பிறகு, "எல்லாரும் கண்டிட்டம். இனி அந்தக் கதையை மாத்தேலாது, என்ன?" என்று சற்றுக் கவலையோடு கேட்டா.

அடுத்த கிழமை அயல்வீட்டார் வந்து எங்கள் முற்றத்தில் கூடினார்கள். அப்பா முழங்கைக் காயத்தைக் காட்டிக் கதையைத் தொடங்கினார். குதிரை வெள்ளையாகியிருந்தது. கல்வேலி ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அப்பா அதைத் தாண்டிக்கொண்டு போனார், வேட்டி குலையாமல். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் ஒருமிக்கத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தா. "ஓம்" என்றா. "நான் கிட்ட நிண்டு கண்டனான். நல்ல வெள்ளை."