வாய் திறக்கக் கூடாத வேலை

எங்க அண்ணிக்கு எதைக் கண்டாலும் பயம். லிஃப்ட்ல ஏற மாட்டாங்க. குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடியே சமையலறையை விட்டு வெளியே வந்துடுவாங்க. பல்லி வந்தா ஒதுங்கி நின்னு வழி விடுவாங்க. "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு எப்படி எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டீங்க?"ன்னு கேட்டா, "அதுவும் பயந்துக்கிட்டேதான்"னு பதில் வரும்.

ஆனா ஃபோனைக் காதுல வச்சுட்டா அவங்க வேற ஆளு. டயாலிசிஸ் சென்டர்ல ஃபோன் எடுக்கற வேலை அவங்களுக்கு. கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ற இடம். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தக் கட்டில்னு எல்லாரும் அண்ணிகிட்டதான் ஃபோன் பண்ணிக் கேட்டு வாங்கணும். அழறவங்க, எரிஞ்சு விழறவங்க, காது மந்தமானவங்கன்னு எத்தனையோ பேர். எல்லாரையும் பேசிப் பேசியே கரை சேர்த்துடுவாங்க. எங்க அப்பாவுக்கும் அங்கதான் டயாலிசிஸ். அண்ணன் கடை படுத்துப்போனதுலேர்ந்து வீடு ஓடறதும் அந்தச் சம்பளத்துலதான்.

அந்த வேலைக்குத்தான் வேட்டு வந்துச்சு. இனிமே எல்லாரும் வெப்சைட்லயே நேரம் வாங்கிக்கணும், ஃபோனை நிறுத்திடப் போறோம்னு மேனேஜர் சொல்லிட்டார். "உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. வெப்சைட் ஜனங்களுக்குச் சுலபமா இருக்கான்னு பார்க்கற வேலையைக் கத்துக்கோங்க. கத்துக்கிட்டா இருக்கலாம்"னாராம். கத்துக்கலைன்னா என்னன்னு அவரும் சொல்லலை, இவங்களும் கேட்கலை.

கத்துக்கொடுக்க வந்தது ஒரு சின்னப் பொண்ணு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கும். அண்ணி வீட்டுல அதுக்கு வச்ச பேரே கண்ணாடிதான். எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும், கட்டை விரலுக்கு எட்டற இடத்துல பட்டன் ஏன் இருக்கணும், ஒரு பக்கத்துல ஏன் நாலு வேலையைத் திணிக்கக் கூடாதுன்னு தினம் ஒரு பாடம். அண்ணி பயந்து பயந்து படிச்சாங்க. வீட்டுல எங்க உசுரை எடுத்தாங்க. சுடுதண்ணிக் குழாய் எதுன்னு தெரியாம நான் கையைச் சுட்டுக்கிட்டுக் கத்தினா, "தப்பு உன்மேல இல்லடி, குழாய் மேல"ன்னாங்க. மருந்து போட்டு விடணும்னு தோணலை.

எல்லாப் பாடமும் ஏறுச்சு, ஒண்ணைத் தவிர. புதுசா ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பார்க்கறப்போ நாம பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை மட்டும்தான் பார்க்கணும். அவர் தடுமாறினாலும் வழி சொல்லக் கூடாது. "இப்போ என்ன நினைக்கறீங்க?"ன்னு கேட்கலாம், அவ்வளவுதான். அண்ணி அதையும் பிடிச்சுட்டேன்னுதான் நினைச்சாங்க. காத்திருக்கற நோயாளிங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு உட்கார வச்சுப் பார்த்தாங்க. அத்தனை பேரும் முடிச்சுட்டாங்க. கணக்கை மட்டும் பார்த்த கண்ணாடிக்குச் சந்தோஷம். அடுத்த வாரத்துலேர்ந்து ஃபோன் கிடையாதுன்னு மேனேஜர் வாசல்லயே எழுதி ஒட்டிட்டார்.

அந்த வாரக் கடைசியில எங்க அப்பா தன் செல்ஃபோன்ல சோதனைக்காகப் போட்டிருந்த அந்த வெள்ளோட்டப் பக்கத்தைத் திறந்தார். அண்ணி மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. கிழமையைத் தொட்டார், நேரத்தைத் தொட்டார், பச்சையா ஒரு டிக் வந்துச்சு, மூடி வச்சுட்டார். மீதித் துணியை எடுக்க அண்ணி கீழே இறங்கி வந்ததும், "முடிச்சுட்டேம்மா, இது ஒரு வேலையா?"ன்னு ஒரே பெருமை.

அண்ணி தன் ஃபோன்ல நேரம் வாங்கினவங்க பட்டியலைப் பார்த்தா அப்பா பேரே இல்லை. "மாமா, இன்னொரு தடவை பண்ணுங்களேன்"னு ஈரத்துணிக் கூடையோட பக்கத்துல வந்து நின்னாங்க. அப்பா மறுபடியும் அதே மாதிரி பண்ணினார். டிக் வந்ததும் மூடப் போனார்.

"இருங்க மாமா, இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்க, அங்க உறுதி செய்யற பட்டன்..."

பாதியில வாயைப் பொத்திக்கிட்டாங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்படியே ஈரத்துணி மேலயே உட்கார்ந்துட்டாங்க.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"இதைத்தான்டி அத்தனை பேருக்கும் சொன்னேன். சொல்றோம்னு தெரியாமலேயே சொல்லியிருக்கேன். கீழே தள்ளுங்க, கீழே தள்ளுங்கன்னு. ஃபோன்ல பேசற வாய்தானே, அது பாட்டுக்குப் பேசியிருக்கு. ஒருத்தரும் தானா முடிக்கலை."

எனக்கு அப்போதான் உறைச்சுது. பச்சை டிக்கைப் பார்த்துட்டு நேரம் கிடைச்சாச்சுன்னு நம்பி வருவாங்க. வந்தா கட்டில்ல வேற ஆள் படுத்திருப்பாங்க. ஒரு தடவை டயாலிசிஸ் தவறினா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு அப்பா மூச்சுக்குத் தவிக்கறதை நாங்க பார்த்திருக்கோம். ஆனாலும் என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "அண்ணி, கண்ணாடிகிட்ட மட்டும் காதோட காதா சொல்லுங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

அண்ணி எழுந்து ஈரத்துணியை உதறி மறுபடி கூடையில போட்டாங்க. "பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம இருந்தா அதைவிடப் பயமா இருக்கும்டி"ன்னாங்க.

மறுநாள் காலையில சென்டர்ல அப்பாவை டயாலிசிஸ் கட்டில்ல விட்டுட்டு நானும் அண்ணியோட போனேன். மேனேஜர் அறை வாசல்ல நின்னுக்கிட்டேன். அண்ணி சொல்லச் சொல்ல அவருக்கு முகம் சிவந்துச்சு.

"நேத்து வரைக்கும் எல்லாரும் பிரமாதமா பண்ணினாங்க, இன்னைக்கு ஒருத்தரும் பண்ணலையா? உங்க பயத்துக்கெல்லாம் வெப்சைட்டை நிறுத்த முடியாதும்மா. என் கண் முன்னாடி ஒருத்தரை உட்கார வைங்க. அவர் முடிச்சுட்டார்னா நான் சொன்னபடிதான் நடக்கும். நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்."

கண்ணாடிதான் ஓடிப்போய் வெளியே காத்திருந்த, அந்தப் பக்கத்தை இன்னும் பார்க்காத நோயாளி ஒருத்தரை, ஒரு லாரி டிரைவரைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. பெரிய மீசை, பெரிய உடம்பு, இப்போ வத்திப்போயிருந்தார். பல வருஷமா ஃபோன்ல "தங்கச்சி, நான்தான்"னு ஆரம்பிக்கற ஆளு. அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு.

ஃபோனைக் கையில கொடுத்து, நேரம் வாங்குங்கன்னு கண்ணாடி சொல்லுச்சு. அண்ணி பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தாங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டாங்க.

கிழமையைத் தொட்டார். "சரியா தங்கச்சி?"

அண்ணி பேசலை.

நேரத்தைத் தொட்டார். பச்சை டிக் வந்துச்சு. விரல் திரையில கொஞ்சம் கீழே இழுத்துச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தா பட்டன் தெரிஞ்சிடும், அண்ணி வேலை அதோட காலி. இழுக்கலைன்னா பிழைச்சோம். ஒரு நோயாளி தோத்துப் போகணும்னு நான் வேண்டிக்கிட்டு நின்னேன், என்ன ஜென்மமோ நான்! விரல் நின்னுச்சு. மறுபடி மேலே போயிடுச்சு.

"முடிஞ்சுதுல்ல? ஏம்மா, சொல்லேன். என்ன இன்னைக்கு ஊமையாட்டம் உட்கார்ந்திருக்கே?"

அண்ணி கண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு நின்னுச்சு.

"நீங்க என்ன நினைக்கறீங்க சார்?"ன்னு கண்ணாடி மெதுவா கேட்டுச்சு.

"முடிஞ்சுதுன்னுதான் நினைக்கறேன்." ஃபோனை மேசை மேல கவுத்து வச்சுட்டார்.

மேனேஜர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டிரைவர் பேர் எங்கேயும் இல்லை. வாசல்ல ஒட்டின காகிதத்தைக் கிழிக்கச் சொல்லிட்டு, யார் மூஞ்சியையும் பார்க்காம எழுந்து வெளியே போனார். "அந்த டிக்கை எடுத்துட்டு, பட்டனை மேலே கொண்டு வரேன்"னு கண்ணாடி சொல்லுச்சு.

டிரைவருக்கு ஒண்ணும் புரியலை. விஷயத்தைச் சொன்னதும் ஆடிப்போயிட்டார். "அப்போ என் கட்டில்?"

"இது வெள்ளோட்டம்தாண்ணே. உங்க கட்டில் அப்படியே இருக்கு."

அவர் அண்ணியையே பார்த்தார். "உனக்குத் தெரியும்ல? பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தே. நான் கேட்டேனே தங்கச்சி. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலைண்ணே"ன்னு அண்ணி அழுதுட்டாங்க. "நான் சொல்லியிருந்தா நீங்க முடிச்சிருப்பீங்க. வீட்டுல தனியா பண்றப்போ யாருண்ணே சொல்லுவா?"

அவர் அந்த ஃபோனை விரல் நுனியால தள்ளி வச்சார். "என் கட்டில் என்னைக்குன்னு நீ வாயால சொல்லு."

"புதன்கிழமை காலையில. ஜன்னலோரக் கட்டில்."

"இன்னொரு தடவை சொல்லு."

அண்ணி சொன்னாங்க. மூணாவது தடவையும் கேட்டார். அதையும் சொன்னாங்க.