ஜெபாவின் செருப்புச் சட்டம்

பட்டாபிராமில் பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரே சட்டம்தான்: செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா. சட்டம் போட்டவர் முதலாளி சிவராமன். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டத்தின் காவல் தெய்வம் ஜெபா.

ஜெபா அங்கே முதல் பேட்ச் மாணவி. பிளஸ் டூ முடித்த கையோடு அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள், ஷிஃப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் டேலி கற்றாள். பிறகு லேபுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டாள். அப்போதிருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ரோட்டுப் புழுதி பட்டாலே படுத்துக்கொள்ளும். அதனால் வாசலில் நின்று ஒவ்வொரு காலாகப் பார்ப்பாள். கவுன்சிலர், பாதிரியார், சொந்த அண்ணன், யாருக்கும் விலக்கில்லை. அவளுடைய செருப்பு மட்டும் சிவராமன் மேஜைக்கடியில், பின்னாளில் ஆபீஸ் அறையில், மரியாதையாகத் தனியே இருக்கும்.

கட்டணம் குறைவு, ஷிஃப்டுக்குத் தோதான நேரம். கூட்டம் சேராமல் என்ன செய்யும்? கீழ்த்தளமும் சேர்ந்தது, பிறகு சொந்தமாக மூன்று மாடி எழும்பியது, பெயர்ப்பலகையில் ‘கல்லூரி’ ஏறியது. புழுதிக்கு அஞ்சாத புதுக் கம்ப்யூட்டர்களும் வந்தன. சட்டம் மட்டும் அசையவில்லை. படிக்கட்டில் குவிந்த செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே கல்யாணப் பந்தி நடக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு.

டிகிரி வகுப்புக்கு அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, முதல் சீட்டு உனக்குத்தான் என்று சிவராமன் ஜெபாவிடம் சொல்லிவிட்டார். நாற்பது தாண்டிய பிறகு எதற்கு சார் என்று சிரித்து மழுப்பினாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஆய்வுக் குழு வருவதற்கு முதல்நாள் சிவராமன் அவளைத் தனியாக அழைத்தார். “யம்மா ஜெபா, வர்றவங்க பெரிய ஆபீசருங்க. ஷூவோடயே வரட்டும். நாளைக்கு ஒருநாள் உன் வாய்க்கு லீவு குடு.”

சரியென்று தலையாட்டினாள். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? தலைமை அதிகாரி பளபளக்கும் ஷூவோடு வலது காலை உள்ளே வைத்ததுதான் தாமதம், “சார், செருப்பு” என்றுவிட்டாள்.

சிவராமன் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, டிகிரி போச்சு என்று ஜெபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதிகாரியோ மறுபேச்சில்லாமல் குனிந்து ஷூவைக் கழற்றினார். அங்கேதான் வினை. சாக்ஸின் ஓட்டை வழியே கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பார்க்காதவர் யாருமில்லை, பார்த்ததாகக் காட்டிக்கொண்டவரும் யாருமில்லை.

விறுவிறுவென்று போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர், காலை மேஜைக்கடியில் மறைத்தார். மாடி மாடியாக ஏறிக் குற்றம் பார்க்க வந்த மனிதர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு, பொழுது போக வேண்டுமே, பக்கத்தில் எக்ஸெல் பழகிக்கொண்டிருந்த நாகப்பனிடம் பேச்சுக் கொடுத்தார். பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற ஆள் அவர்.

“நைட்டு முச்சூடும் மிஷினாண்டதான் நிக்கிறேன் சார். இங்க வந்து குந்துனாதான் நானும் படிக்கிறவன்னு ஒரு கெத்து கீது” என்றார் நாகப்பன்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஜெபாவிடமும் கேட்டார்.

“டிகிரி இல்ல சார். நீங்க கையெழுத்து போட்டாதான் படிக்க முடியும்.”

அவர் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அனுமதி வந்தது. நூலகத்தில் அலமாரி மட்டும் இருந்தால் போதாது, புத்தகமும் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வகுப்பு தொடங்கிய அன்று ஜெபா புதுப்புடவை கட்டிக்கொண்டு, படபடப்பில் ஆபீஸ் அறைப் பக்கமே போகாமல் நேராக மாடியேறி வகுப்புக்குள் நுழைந்தாள். அவளிடம் டைப்பிங் கற்ற பிள்ளைகள்தான் பெஞ்சுகளில் இருந்தார்கள். மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது.

“அக்கா, செருப்பு.”

குனிந்து காலைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. திரும்பிப் போய், படிக்கட்டில் பிள்ளைகளின் செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.