அப்பாவின் வாயை அடைக்க ஒரு நூற்பட்டியல்

நூலகராக வேலை பார்க்கும் அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று முடிவுகட்டிய அப்பா, சாப்பாட்டு மேசையிலேயே அவளுக்குப் பாடம் நடத்தினார். சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கும்பலாகப் போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறெரியும். தனியாகத் தேர்வெழுதி, கல்லூரி முடித்து, பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்கு அமர்ந்த பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அப்பா இப்போது வீட்டுக்கல்விப் பெற்றோர் சங்கத்தின் தலைவர். "ஆராய்ச்சியே நம்ம பக்கம்தான்" என்று மேடைக்கு மேடை முழங்குவார்.

"எந்த ஆராய்ச்சிப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும், போ."

போனவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கல்வி பற்றி வந்த கட்டுரைகள், ஆய்வேடுகள் எல்லாவற்றையும் ஓர் இணையதளத்தில் திரட்ட ஆரம்பித்தாள். யார் செய்தது, எத்தனை பிள்ளைகளை வைத்து, எப்படி என்று ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதினாள். கல்விச் சேவையெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவின் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வுகளோ அவளுக்கும் பிடி கொடுக்கவில்லை. சிலவற்றில் வீட்டில் படித்த பிள்ளைகள் சக்கைப்போடு போட்டிருந்தார்கள். சிலவற்றில் கணக்கில் கோட்டைவிட்டிருந்தார்கள். பலவற்றில், தாமாக முன்வந்த குடும்பங்களை மட்டுமே விசாரித்திருந்தார்கள்; அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சாதகமானவற்றை மறைத்துவிடக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றையும் ஏற்றினாள்.

தளம் பரவியதும் வசவு கிளம்பியது. சங்கத்தார் அவளைத் துரோகி என்றார்கள். எதிர்த்தரப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "வீட்டுப் படிப்பு நல்லதுன்னு சொல்றதையெல்லாம் தூக்கிடும்மா, ஜனங்க கெட்டுப்போயிடுவாங்க" என்று தொலைபேசியில் அதட்டினார்.

"உங்க வேலையப் பாருங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு அப்பாவே நூலகத்துக்கு வந்து நின்றார்.

"பெத்தவன் மானத்தக் கப்பலேத்திட்டியே!"

"உங்க பேரே அதுல இல்லப்பா."

"அதத்தான் கேக்குறேன். என் புஸ்தகம் எங்க? அதச் சேரு. எதிரா இருக்கறதையெல்லாம் எடு!"

மகளை வீட்டிலேயே படிக்கவைத்த பெருமையை அவர் புத்தகமாகப் போட்டிருந்தார். அதை அவள் வேண்டுமென்றே விட்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள்.

"இங்க சத்தம் போடக்கூடாது" என்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதுபோல, வாசலைக் காட்டினாள்.

மறுநாள் புத்தகத்தைச் சேர்த்தாள். எதையும் எடுக்கவில்லை. கீழே எழுதினாள்: "ஆய்வுக்குள்ளானவர்: ஒரே ஒரு சிறுமி. அவளுடைய கருத்து கேட்கப்படவில்லை."

அம்மா அழைத்தாள். "அத எடுத்துடுடி. மனுஷன் சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு."

"தப்பா இருந்தா சொல்லச் சொல்லும்மா, மாத்திடறேன்."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பா மகளுடன் பேச்சை முறித்துக்கொண்டார். ஆனால் சங்கக் கூட்டங்களில், "எம் பொண்ணையே பாருங்க, பல்கலைக்கழகத்துல வேலை பாக்குறா" என்று மார்தட்டுகிறாராம். அதைக் கேள்விப்பட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.