தோளில் கை வைத்த ஊர்

கொடியில் காய்ந்த துணியை மடிப்பதற்கு முன் இரண்டு தரம் உதற வேண்டும். உதறினால் மூக்கில் கரி நெடி ஏறித் தும்மல் வரும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், அதை ஒட்டியிருந்த எங்கள் கல்மண்டபத்தில் எந்த வீட்டு வெள்ளைத் துணியும் வெள்ளையாக இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அதிகம் உதறப்பட்டது பெரியப்பாவின் சட்டைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு ஒரே கவிஞர். கல்யாண வாழ்த்து மடலோ கண்ணீர் அஞ்சலியோ, அவர் எழுதினால்தான் அச்சுக்குப் போகும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மாதா கோயில் திருவிழாக் கவியரங்கத்துக்கு 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஒரு மாதம் எழுதிய பெரியப்பா, மேடையேறிச் செந்நெல் வயலையும் தென்னஞ்சோலையையும் சலசலக்கும் ஓடையையும் பாடினார். பாவம், அவர் வயலில் கால் வைத்ததே இல்லை! கவிதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமென்று நம்பியிருந்தார். முன்வரிசையில் இருந்த மீன்கார ஸ்டெல்லாக்கா சும்மா இருப்பாரா?

"சோக்கா கீது நைனா! ஆனா அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு போவுது?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பெரியப்பா பாதியிலேயே தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதன்பின் அவர் பேனாவைத் தொடவில்லை. வாழ்த்து மடல் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். இனி எழுதவே மாட்டாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் அப்பாவிடம் தானாகவே சொன்னார்: "ஸ்டெல்லா கேட்டது கரீட்டுதாண்டா. அறுபது வருசமா இங்கதான் குந்திகினு கீறேன். என் பாட்டுல இந்த ஊரும் இல்ல, நானும் இல்ல."

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு, கொடியிலிருந்து எடுத்த சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா தூசி தட்ட வந்தபோது, "வுடும்மா, இருக்கட்டும்" என்று தடுத்தார். ஒரு கையால் மைக்கைப் பிடித்து, மறு கையால் தோளில் படிந்திருந்த கரியைத் தொட்டுக் காட்டியபடி படித்தார்:

"வெளுத்த சட்ட போட்டுகினு
வெளிய வந்து நின்னேன்;
வா மாமு போலாம்னு ஊரு
தோள்மேல கைய வெச்சிச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம ஊரு! இன்னொரு தபா படி நைனா" என்றார். பெரியப்பா மூன்று தபா படித்தார்.

இப்போது துறைமுகத்தில் கரி இறங்குவதில்லை. நல்லதுதான், என் பிள்ளைகள் இருமாமல் தூங்குகிறார்கள். பெரியப்பாவும் இல்லை. ஆனால் அந்த நாலு வரியை யாராவது ஒரு பிள்ளை சொல்லாமல் எங்கள் கவியரங்கம் தொடங்குவதில்லை. நானும் பழக்கதோஷத்தில் துணியை இரண்டு தரம் உதறிக்கொண்டுதான் இருக்கிறேன். கரி ஒன்றும் உதிர்வதில்லை. ஊர் வைத்த கை மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.