தேவானைக்குப் பக்கத்து இடம்

காமாக்ஷி மாமியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, பழைய விரிப்பை முதுகோரம்வரை சுருட்டித் தள்ளிவிட்டு, புதியதைப் பாதி விரித்துக்கொண்டிருந்தாள் தேவானை. படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது இரண்டு பேர் செய்கிற வேலை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த இரண்டாவது ஆளை ஆழ்வார்பேட்டையில் இதுவரை எவரும் பார்த்ததில்லை. ஒரு கை மாமியின் இடுப்பில், ஒரு கை விரிப்பில், முழங்கால் கட்டில் விளிம்பில் என்று அவள் பாட்டுக்கு முடித்துக்கொண்டிருந்தாள்.

தலையணைக்கு அருகில் கைபேசி ஸ்பீக்கரில் அலறியது. பேசியவள், தேவானையை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர். எங்கோ ஒரு வீட்டில் ஓர் ஆயா தடுமாறி, பிடித்துக்கொண்டிருந்த பெரியவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டாளாம். அதனால் ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அடுத்த மாதம் ஒரு சோதனை. கைகளைக் கட்டிக்கொண்டு, சூப்பர்வைசர் முப்பது எண்ணும்வரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்களுக்குப் பகல் வேலை கிடையாது. இரவில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வேலைதான்.

தேவானைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆற்றோரம் இருந்த வீட்டை அரசாங்கத்தார் இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் நிலா நர்சிங் படிக்கிறாள். அந்த மாடியில் இரவெல்லாம் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் வந்து விழித்துக்கொண்டு உட்காருவது அவளால் ஆகாது. பகல் வேலை போனால் வேலையே போனதுபோலத்தான்.

விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, அங்கேயே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சு விடுவதற்குள் பீரோவில் போய் மோதினாள்.

"நீ என்னைத் தூக்கறே. ஒன்னை யாருடி தூக்கறது?" என்றார் மாமி. உடம்புதான் படுத்திருந்தது, நாக்கு படுக்கவில்லை.

"நீங்கதான் மாமி. எய்ந்து வாங்க."

"ஸ்ரீரங்கன் தெனம் கார்த்தால பார்க்குல சைனாக்காரா மாதிரி என்னமோ பண்ணிண்டிருக்கான். ஒத்தக்கால்ல நிக்கறதுதான் அதுல பாதி. நீயும் போய் நில்லு. ஒருத்தி கூடினா கொறைஞ்சா போயிடுவா?"

ஸ்ரீரங்கன் மாமியின் தம்பி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல், கால்கள் தாம் மட்டும் ஓய்வு பெறாமல் இருப்பானேன் என்று நினைக்கத் தொடங்கியிருந்தன. மறுநாள் முதல் பஸ் பிடித்து, வேலைக்குப் போகும் முன் பூங்காவில் போய் நின்றாள் தேவானை.

தாய் சீ என்னும் அந்தச் சீனப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்ரீவத்சன். கம்ப்யூட்டர் வேலையாகச் சிங்கப்பூர் போய், முதுகுவலியோடும் இந்த வித்தையோடும் திரும்பி வந்தவர். தொளதொளத்த வெள்ளை உடையில், தண்ணீருக்குள் நடப்பவர் மாதிரி நடப்பார்.

தேவானைக்குப் பாதிக்கு மேல் முதல் நாளே வந்துவிட்டது. முழங்காலைத் தளர்த்தி நிற்பது, பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சிந்தாமல் மாற்றுவது எல்லாம், மாமியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது செய்வதுதான். மாமி மட்டும் இல்லை, அவ்வளவே. கைகளுக்கு நடுவே ஒரு பந்து இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் ஸ்ரீவத்சன். அவள் மாமியின் தலை இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"பிரமாதம்! எவ்வளவு பதவிசா பிடிக்கறாங்க பாருங்க" என்றார் அவர்.

சேவல் வந்ததும் எல்லாம் கெட்டது. ஒரு முழங்காலை உயர்த்தி, அதே பக்கத்துக் கையையும் தூக்கி அசையாமல் நிற்பதற்குச் சேவல் என்று பெயர். தேவானை காலைத் தூக்கினாள். பக்கத்தில் ஸ்ரீரங்கன் லேசாக ஆடினார். அடுத்த நொடி அவள் கை அவருடைய அக்குளுக்குள் இருந்தது, அவள் கால் தரையில் இருந்தது. எது முதலில் நடந்தது என்று அவளுக்கே தெரியாது. இந்தத் தொழிலில் கை அப்படித்தான் பழகியிருக்க வேண்டும். யோசித்துவிட்டுப் புறப்படுகிற கை, எலும்பு முறிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

ஸ்ரீரங்கன் விழவில்லை. "பேஷ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேவலாகவே நின்றார். அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேவல் சித்தித்தது.

அது போதுமானதாக இருந்தது. இரண்டாம் வாரம், தேவானை வருவதற்கு முன்பே அவளுக்கு இரு பக்கமும் ஆள் நின்றது. மூன்றாம் வாரம், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி புல்தரையில் தண்ணீர் பாட்டில்களை வைத்து இடம் பிடித்தார்கள்.

"அது என் பாட்டில் சார்" என்றார் ஒருவர்.

"பாட்டில் ஒம்மோடதுதான். எடம் என்னோடது. நான் நேத்தே சொல்லி வெச்சுட்டேன். கேளும், அந்த அம்மாவையே கேளும்" என்றார் ஸ்ரீரங்கன்.

"அல்லாரும் நில்லுங்க மாமா. எனக்கு ரெண்டு கைதான் கீது" என்றாள் தேவானை.

தன் காலில் தானே நிற்பதற்குக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், அவள் கையில் நின்று அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஸ்ரீவத்சனுக்கு ஒரே பூரிப்பு. தம்முடைய வகுப்பில் இத்தனை மூத்தவர்கள் இருந்தும் ஒருவர்கூட விழுந்ததில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். தேவானை ஒருத்திதான் அந்த வகுப்பில் இன்னும் சேவலாகாதவள். சோதனைக்கு ஒரு வாரம் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஸ்ரீவத்சனைப் பிடித்துக்கொண்டாள். "மாஸ்டர், எனக்கு மட்டும் நிக்கவே மாட்டேங்குது. வேல பூடும் மாஸ்டர்."

"உங்க கவனம் வெளியே போகுதும்மா. உள்ளே பாருங்க."

"நான் உள்ளார பாத்துக்கினு இருந்தா பக்கத்துல கீற மாமா வுழுந்துருவாரே."

"விழட்டும்மா. விழறதும் பயிற்சிதான்."

"வுழுந்தா தூக்கறது ஆரு? நீங்களா?"

ஸ்ரீவத்சன் தம் முதுகைத் தடவிக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொன்னார்.

அவர் சொன்னது உபயோகமில்லை என்று தெரிந்ததும் தேவானை தானே ஒரு வழி பண்ணினாள். ஆடுகிறவரைப் பார்த்தால்தானே கை போகும்? மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய், மதில் சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் யாரோ ஒட்டிய டியூஷன் விளம்பரம் ஒன்று பாதி கிழிந்து தொங்கியது. அதையே பார்த்தாள். பின்னால் புல்லில் தொப்பென்று ஒரு சத்தம். கால் இறங்கிவிட்டது, திரும்பிவிட்டாள். ஸ்ரீரங்கன் புல்தரையில் சம்மணமிட்டு, வேண்டுமென்றே உட்கார்ந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த நாளும் சத்தம் கேட்டது. முதுகு அரித்தது, காது சுட்டது. திரும்பவில்லை. விளம்பரத்தில் இருந்த கணக்கு வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் நின்றது.

பகலில் ஸ்ரீரங்கன் அக்காவிடம் முறையிட வந்தார். "ஒன்னோட ஆள் இப்பல்லாம் திரும்பியே பார்க்கறதில்லே. ரெண்டு நாளா விழுந்துண்டிருக்கேன்."

"ஏன், சம்பளம் நீயா குடுக்கறே? விழுந்தியே, ஏதாவது ஒடைஞ்சுதா?"

"இல்லே."

"அப்பறம் என்ன? காப்பி குடிச்சுட்டுக் கெளம்பு."

சோதனை தி. நகரில், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இருந்த ஏஜென்சி அலுவலகத்தில் நடந்தது. இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். தேவானையோடு கூப்பிடப்பட்டவள் தபஸ்ஸும். ராயப்பேட்டைக்காரி, தேவானையை முதன்முதலில் இந்த வேலைக்கு அழைத்து வந்தவள், அவளைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். அந்த அறையில் வெறித்துப் பார்ப்பதற்கு ஒரு சுவர்கூட இல்லை. எல்லாப் பக்கமும் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் ஆட்கள்.

சூப்பர்வைசர் எண்ண ஆரம்பித்தாள். பாதி எண்ணிக்கை தாண்டியதும் தபஸ்ஸும் ஆடுவது தேவானையின் கடைக்கண்ணில் பட்டது. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து பாதி தூரம் போய்விட்டது. சூப்பர்வைசர் எண்ணுவதை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். ஏழாவது மாடியில் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கும் நிலா தேவானைக்கு ஞாபகம் வந்தாள். கையை இழுத்து அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். தபஸ்ஸும் பக்கவாட்டில் சாய்ந்து, நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டுபோய், இரண்டு காலிலும் நின்றாள்.

"முப்பது" என்றாள் சூப்பர்வைசர்.

பக்கத்தில் ஆள் சரியும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்ற தேவானைக்கு, பிறரைத் தாங்கிப் பிடிக்கத் தகுதியுள்ளவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தபஸ்ஸுமுக்கு அடுத்த வாரத்திலிருந்து மறுசோதனைவரை இரவு வேலை.

கீழே டீக்கடையில் இருவரும் சற்று நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கோச்சிக்கினியாக்கா?"

"இன்னாத்துக்கு? ராவுல ஊட்ல எம் புருசன் கலீமுல்லா கொறட்டைய சும்மா கேக்கறேன். இனிமே காசு வாங்கிக்கினு வேற ஒருத்தன் கொறட்டைய கேப்பேன்." தபஸ்ஸும் ஒரு மடக்கு குடித்தாள். "ஒண்ணுதான்டி தேவான. கைய நீட்டினா முச்சூடும் நீட்டு. இல்ல, நீட்டாத. நீ பாதி நீட்டின பாரு, அத்த நம்பித்தான் நான் அந்தப் பக்கம் சாஞ்சேன்."

அது சரிதான் என்று தேவானைக்குத் தெரிந்தது. டீக்கு யார் கொடுப்பது என்று மட்டும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸைவிட்டு இறங்கி, நேராக ராயப்பேட்டைக்குப் போய்க் கதவைத் தட்டி, தபஸ்ஸுமைத் தூக்கத்தோடு தூக்கமாக ஆட்டோவில் ஏற்றிப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். புல்தரையில் பாட்டில்கள் வழக்கம்போல இடம் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டித் தபஸ்ஸுமை முன்வரிசைக்கு நடத்திச் சென்று, மதிலைப் பார்த்து நிறுத்தினாள்.

"இந்த கணக்கு வாத்தியார பாத்துக்கினே இரு. வேற ஆரையும் பாக்காத."

சேவல் வந்தது. தபஸ்ஸும் காலைத் தூக்கினாள். ஆடினாள்.

"அடியே, பின்னாடி கீறியா?"

"இல்லக்கா" என்றாள் தேவானை, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு.