உட்காரும் இடத்தின் விலை

கண்ணாடிக்காரர் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தது ஆசைப்பட்டு அல்ல, டாக்டர் மிரட்டியதால். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். முதலாளி, விற்பனையாளர், லென்ஸ் பொருத்துகிறவர் எல்லாம் அவரே. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு முன்னால் வந்துவிட்டது, இரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

"மாத்திரைக்கு நான் சீட்டு எழுதலாம். வியர்வைக்கு எழுத முடியாது. அதை நீங்கதான் கொண்டு வரணும்" என்றார் டாக்டர்.

அப்படித்தான் ஞாயிறு காலைக் கூட்டத்தில் சேர்ந்தார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தக் கூட்டத்தை நடத்தினார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். பேங்க் மேனேஜர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள், கார் கம்பெனியில் வேலை பார்க்கும் சில இளைஞர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். நீர்த்தேக்கம் வரை போய், கரையில் இருக்கும் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

முதல் ஞாயிறு பழைய டிராக் பேன்ட்டோடு போய் வந்தவர், வீட்டுக்கு வந்ததும் சோபாவின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தார். அவருடைய மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். மறுவாரம் கேப்டன் சொன்னார்:

"சார், சைக்கிளுக்கு எவ்வளவு செலவு பண்ணினீங்கன்னு நான் கேட்கல. உட்கார்ற இடத்துக்கு என்ன பண்ணினீங்க? அதைச் சொல்லுங்க."

வெளிநாட்டுக் கம்பெனியின் சைக்கிள் உடைகள் விற்கும் கடைக்கு அவரைக் கேப்டனே கூட்டிக்கொண்டு போனார். விலைச் சீட்டைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. அவரும் வியாபாரிதானே. கண்ணாடிச் சட்டத்தின் காதோரம் ஒரு பெயரைப் பொறித்தால் விலை எப்படி ஏறும் என்பது அவருக்குத் தெரியாததா? "லென்ஸுக்குச் செலவு பண்ணுங்க, பேருக்குப் பண்ணாதீங்க" என்று வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் சொல்லுகிறவர்.

இருந்தாலும் போட்டுப் பார்த்தார். தோள்பட்டைப் பட்டை வைத்த, உடம்போடு ஒட்டிய ஷார்ட்ஸ். உட்காரும் இடத்தில் கனமும் மென்மையுமாக ஒரு பேட். அந்த வாரம் நீர்த்தேக்கம் போய்த் திரும்பி, வீட்டு வாசலில் இறங்கி நின்றபோதுதான் கவனித்தார். எங்குமே எரியவில்லை. நேராக நடந்து போய்ச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் போல உட்கார்ந்தார். தைத்தவன் உடம்பைத் தெரிந்துகொண்டு தைத்திருக்கிறான் என்று தோன்றியது.

அன்றோடு கட்சி மாறிவிட்டார். ஷார்ட்ஸுக்குத் துணையாக முதுகில் மூன்று பைகள் வைத்த சட்டை வந்தது. அப்புறம் கையுறை, காலுறை, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி. இவற்றில் பாதி பெயருக்குக் கொடுத்த விலைதான் என்று அவருக்கே உள்ளுக்குள் தெரியும். காலுறைக்கு அவ்வளவு கொடுத்ததற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அணிந்துகொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது வயிறு கொஞ்சம் உள்ளே போனது போல இருக்கும்.

"சார் மேல இருக்கிறதை வித்தா இன்னும் ரெண்டு சைக்கிள் வாங்கலாம்" என்பார் பேங்க் மேனேஜர்.

"போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று கண்ணாடிக்காரர் தன் கடையில் பேசுகிற அதே குரலில் பதில் சொல்லுவார்.

அவருடைய மனைவி பேருந்துப் பணிமனையில் எழுத்தர். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, யாருக்கு விடுப்பு, யாருக்குப் பதில் யார் என்று காலையில் இருந்து மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்து வேலைப் பங்கீடு போடுவாள். முறைத்துக்கொண்டு வரும் ஓட்டுநர்களைக்கூட ஒரு சிரிப்பில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். கணவனின் புது உடையைப் பார்த்த அன்று, "என்னங்க இது, தண்ணி டேங்குக்குப் பட்டை கட்டின மாதிரி இருக்கு" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் அவர் ஒவ்வொரு ஞாயிறும் முகம் மலர்ந்து திரும்பி வருவதைப் பார்த்து அவளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

"நானும் வரட்டுமாங்க?"

வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளின் கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, காற்றடித்துக் கொடுத்தார்.

நீர்த்தேக்கத்துக்குப் போகும் வழியில், கரையேறும் இடத்தில் ஒரு மேடு உண்டு. அங்கே பாதிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அவள் இறங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கையில் இருந்து எழாமல், ஒரே சீராக மிதித்துக் கேப்டனுக்கு அடுத்து மேலே போய் நின்றாள். கண்ணாடிக்காரர் வந்து சேர்ந்தபோது அவள் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல மோட்டார் இருக்கும்மா உங்களுக்கு" என்றார் கேப்டன். "வருஷக் கடைசியில கடற்கரைக்கு ரெண்டு நாள் பயணம் போறோம். நீங்க கட்டாயம் வரணும்."

அன்று வீடு திரும்பிய பிறகும் அவள் முகத்தில் இருந்து மேடு ஏறிய சிவப்பு போகவில்லை. சமைக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்:

"உங்களுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு ஷார்ட்ஸ் வாங்கணுமோ? நல்லா உறுத்துது."

"வாங்கலாம். முதல்ல நீ ஒழுங்கா ஓட்டு. தொடர்ந்து வர்றியான்னு பார்ப்போம். அப்புறம் நல்லதா ஒண்ணு எடுப்போம்."

கெட்ட எண்ணத்தில் சொன்னது அல்ல. ஒரு காலத்தில் தையல் மெஷின் வாங்கி மூலையில் போட்டிருக்கிறார்கள், யோகா பாய் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தார். அவ்வளவுதான். ஆனாலும் வெறுங்கையோடு வராமல், ஒரு பெரிய கடையின் தள்ளுபடிக் கூடையில் கிடந்ததில் சின்ன அளவாகப் பார்த்து ஒன்று எடுத்துவந்தார். ஆண்களுக்கானது. பேட்டின் நடுவில் தடிமனான ஒரு தையல் ஓடியது. "உள்ள போடுறதுதானே" என்றார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் அதன் மேல் தளர்வான பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மேட்டில் முன்னைப் போலவே முந்தினாள். ஆனால் டீக்கடையில் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே குடித்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு எழுந்திருக்கவில்லை.

"முதுகு பிடிச்சிருக்குங்க. நீங்க போயிட்டு வாங்க."

அதற்கடுத்த வாரம் பணிமனையில் வேலை என்றாள். அதற்கும் அடுத்த வாரம் அவர் கேட்கவே இல்லை. கூட்டத்தில் விசாரித்தபோது, "மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு சார். ஆரம்ப சூரத்தனம்" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக எடுபட்ட நகைச்சுவையை அவர் லேசில் விடுகிறவர் அல்ல. கூட்டத்தினர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அவள் முன்னாலேயே இன்னொரு தடவை சொன்னார். அவளும் சிரித்தபடியே எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

வருஷக் கடைசியில் அவர் மட்டும் கடற்கரைக்குப் போய்வந்தார். திரும்பி வந்த அன்று அவருடைய துணிகளை அலசிக்கொண்டே கேட்டாள்:

"கடல் தெரிய ஆரம்பிக்கிற இடம் எப்படிங்க இருந்துச்சு?"

"எதிர்க்காத்து. உயிரே போயிடுச்சு" என்றார்.

தெரிந்தவர் ஒருவர் மகளின் சைக்கிளைக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் மனைவி அதை ஒரு மணி நேரம் துடைத்தாள் என்பது அவருக்குப் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.

சில வருஷங்கள் ஓடின. அவளுக்கு உள்காதில் ஏதோ கோளாறு வந்து, தலைசுற்றல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. திடீரென்று தரை சாயும், சுவரைப் பிடித்துக்கொள்ளுவாள். "இரண்டு சக்கர வண்டி எதுவும் இனிமேல் வேண்டாம், பின்னால உட்கார்றதுகூட வேண்டாம்" என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் பேருந்தில்தான் போய்வந்தாள். பணிமனை ஓட்டுநர்கள் அவளுக்காக முன் இருக்கையைப் பிடித்து வைப்பார்கள்.

மகள் படிப்பு முடித்து வேறு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மாலை அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை மேடையில் போனைச் சாய்த்துவைத்து, ஒலியைக் கூட்டிவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கூடத்தில் தன் ஹெல்மெட்டின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆபீசுக்குச் சைக்கிள்ல போகலாம்னு இருக்கேம்மா. ஷார்ட்ஸ் எல்லாம் கொள்ளை விலை சொல்றாங்க. சாதாரணமா ஒண்ணு போதும்ல?"

"சட்டை எதை வேணா போடு. ஷார்ட்ஸ் மட்டும் நல்லதா வாங்கு. பொம்பளைங்களுக்குன்னு தைச்சதா இருக்கணும். பேட் நடுவுல தையல் இருக்கான்னு விரலால தடவிப் பாரு. இருந்தா தொடவே தொடாதே."

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

கத்திச் சத்தம் நின்றது. குரலும் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் கூடத்துக்குக் கேட்டது.

"எனக்கு அந்த இடத்துல தோல் உரிஞ்சு, கட்டி வந்து, டிப்போ கிளினிக்குல கீறி எடுத்தாங்க. ஒரு மாசம் ரப்பர் வளையம் போட்டு உட்கார்ந்தேன். டிரைவர் ஒருத்தர் தன்னோடதைக் கொடுத்தாரு. மூலம்னு நினைச்சுக்கிட்டாரு பாவம், அதுக்கு மருந்தும் சொன்னாரு." அவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? முதல்ல ஒழுங்கா ஓட்டுன்னு சொல்லியிருந்தாரு. எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும் போல, நமக்குத்தான் தாங்கத் தெரியலைன்னு நினைச்சேன். வேற ஒரு பொம்பளைகிட்ட கேட்டிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும். கூச்சமா இருந்துச்சு."

கண்ணாடிக்காரர் கையில் ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தால் அவருக்குப் பொறுக்காது. "தலைவலி வராம என்ன வரும்? இது உங்க கண்ணுக்குப் போட்ட கண்ணாடியா?" என்று சத்தம் போடுவார். அப்படிப்பட்டவர், வேறு யாருடைய உடம்புக்கோ தைத்ததைக் கூடையில் இருந்து பொறுக்கிவந்து, மனைவியிடம் கொடுத்து, அவள் தேறுகிறாளா என்று பார்த்திருக்கிறார். மேட்டில் அவரை விட்டுவிட்டு ஏறிப் போனவளை.

போன் பேச்சு முடிந்ததும் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டார் என்பது முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் எப்பவோ நடந்ததுங்க. துணி காயுது பாருங்க, எடுத்து உள்ள போடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

ஆரம்ப சூரத்தனம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. துணி எடுக்கப் போனார்.

அந்த வாரத்திலேயே அந்த வெளிநாட்டுக் கம்பெனிக் கடைக்குப் போனார். விற்பனைப் பெண்ணிடம் பெண்களுக்கானது வேண்டும் என்று கேட்டார். பெண்களின் இடுப்பெலும்பு அகலமானது என்பதால் பேட்டின் வடிவமே வேறு என்று அவள் மேஜையில் விரித்து விளக்கினாள். அவர் நடுவில் விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்தார். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"யாருக்குங்க இது?" என்று வீட்டில் மனைவி பையைப் பிரித்துப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்குத்தான்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? நான் எங்க போய் ஓட்டுறது?"

அதற்கும் அவர் யோசித்து வைத்திருந்தார். கேப்டனிடம் மழைக்காலத்தில் வீட்டுக்குள் மிதிப்பதற்கான தாங்கி ஒன்று இருந்தது. பின்சக்கரத்தை அதில் கவ்வவைத்தால் சைக்கிள் அசையாமல் நிற்கும். அதை இரவல் வாங்கி வந்து, தன் சைக்கிளை அதில் மாட்டி, இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கி, கூடத்தில் ஜன்னலைப் பார்க்க நிறுத்தினார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவர் நின்றுகொண்டார்.

அவள் வெகுநேரம் மாட்டேன் என்றாள். பிறகு உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தாள். அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். முதலில் தயங்கி, பிறகு கொஞ்சம் வேகமாக மிதித்தாள். சக்கரம் உறுமியது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரும், ஒரு குழாயும், கொஞ்சம் வானமும் தெரிந்தன. மிதிக்க மிதிக்க அவளுடைய முதுகு தானாகவே முன்னால் சாய்ந்தது. கால்கள் அந்தப் பழைய சீருக்கு வந்தன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

நெற்றியில் வியர்வை துளிர்த்தபோது நிறுத்தினாள். கைப்பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை.

"வலிக்கவே இல்லைங்க" என்றாள், நம்ப முடியாதவளைப் போல. "இவ்வளவுதானா? அப்ப இது இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தார். தரையில் நின்றதும் தலை சுற்றியிருக்க வேண்டும், அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

"தப்பு என் மேலதான்" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அதற்குப் பிறகு சில மாலைகள் அவள் மிதித்தாள். அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். ஒருநாள், "எதிர்வீட்டுக் குழாயைப் பார்த்துக்கிட்டே எவ்வளவு நேரங்க மிதிக்கிறது? கேப்டன் அண்ணனோட சாமானைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். கோபம் இல்லை, சலிப்புக்கூட இல்லை. பேருந்துத் தடத்தை ரத்து செய்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

கேப்டனிடம் தாங்கியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர், "என்ன சார், வீட்ல பிடிக்கலையா?" என்று கேட்டார்.

"பிடிச்சுது" என்றார் கண்ணாடிக்காரர். "ரொம்பப் பிடிச்சுது."